என் பேரில் ஒருவன் சோறு தின்ற நோன்புப் பகல்

போர் முடிந்து சில ஆண்டுகளில் எங்கள் குடும்பத்தில் எல்லோர் கையிலும் ஸ்மார்ட் போன் வந்துவிட்டது. மன்னாரிலிருந்து வந்து மதுரங்குளி, புத்தளம், கற்பிட்டி என்று பிரிந்திருந்த நாற்பது பேரை போனில் ஒரே செய்திக் குழுவில் சேர்த்தவள் நான்தான். அதில் எனக்குப் பெருமை.

ஒரு நோன்பு நாள். நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் பாயிலேயே இருந்தேன். என்னோடு படிப்பிக்கும் டீச்சரின் கணக்கிலிருந்து ஒரு செய்தி: "தவறுதலாக உங்கள் போனுக்கு ஆறு இலக்கம் வந்திருக்கும். அனுப்பிவிடுங்கள்." வந்திருந்தது. அனுப்பினேன். அரை நிமிடத்தில் என் கணக்கு என்னையே வெளியே தள்ளிவிட்டது. டீச்சரின் கணக்கு அன்று காலையே களவு போயிருந்தது எனக்குத் தெரியாது.

மறுபடி உள்ளே போக அரை மணி நேரம் முயன்று தோற்றேன். மூன்று மகள்மாரின் படங்களும் அடையாள அட்டைப் பிரதியும் அதற்குள்தான் இருந்தன. இலக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்ன வாய் இது. நல்ல வேளையாக, சாதாரண அழைப்பு எடுக்க முடிந்தது. முதலில் கற்பிட்டியில் இருக்கும் மாமிக்கு எடுத்தேன். அவர் வாப்பாவின் தங்கை.

"மாமி, என்ட பேர்ல ஒருத்தன்..."

"அத விடு மகள். எத்தின மாசம்?"

"என்ன எத்தின மாசம்?"

"மறைக்காத. இப்பதானே சோறு தின்னுறேன் எண்டு எழுதினாய்!"

நடந்தது இதுதான். கள்வன் என் பேரில் மாமியிடமும் இலக்கம் கேட்டிருக்கிறான். வழக்கம்போல மாமி, "என்ன செய்றாய் மகள்?" என்று விசாரித்திருக்கிறார். "சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் மாமி, இலக்கத்தை அனுப்புங்கள்" என்று பதில். மாமியின் கண் இலக்கத்தில் நிற்கவில்லை, சோற்றில் நின்றுவிட்டது. கர்ப்பிணிக்கு நோன்பை விடச் சலுகை உண்டு என்பதால், நான் பிள்ளை உண்டாகியிருக்கிறேன் என்றே முடிவுகட்டிவிட்டார்.

"மாமி, எனக்கு நாப்பத்திமூணு வயசு!"

"அல்லாஹ் நாடினா வயசென்ன?"

அதற்குள் அவர் பாதிக் குடும்பத்துக்குச் சொல்லி முடித்திருந்தார். நல்ல செய்தியை எழுதக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கை. என் போன் ஓயாமல் அடித்தது. எடுத்தவர்களுக்கெல்லாம், "புள்ள ஒண்டும் இல்ல. ஆறு இலக்கம் கேட்டா குடுக்காதீங்க" என்று ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு மூத்தவரான ராத்தா, கள்வன் கேட்ட ஆறில் நாலு இலக்கத்தை எழுதிவிட்டு, வாழ்த்துச் சொல்லும் அவசரத்தில் மீதியை விட்டிருந்தார்.

கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்த கணவர் வாசலில் நின்று, "நாலாவதா?" என்றார். விசயம் தெரிந்ததும் கதிரையில் விழுந்து சிரித்தார். பயம் போய் நானும் சிரித்தேன்.

மூத்த மகள் என் போனுக்குப் புதிதாக ஆறு இலக்கம் வரவழைத்து, பின்னேர அஸர் தொழுகைக்கு முன் கணக்கை மீட்டுத் தந்தாள். பழைய படங்கள் கள்வனிடம் போகவில்லை என்றும் விளக்கினாள். டீச்சருக்கும் அன்றே உதவினோம்.

நோன்புப் பெருநாளைக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினார்கள். இனிப்பு வட்டிலப்பம் ஒரு கையில், போன் மறு கையில். மகள் ஒவ்வொரு போனுக்கும் இரண்டாவது பூட்டாக ஓர் இரகசிய இலக்கம் போட்டுக் கொடுத்தாள். மாமி தன்னுடையதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். மாற்றினோம். மறுபடியும் வாசித்தார். மூன்றாம் முறை அவரைத் தனி அறைக்குக் கூட்டிப்போய் மாற்றவைத்தோம்.

அந்த இலக்கம் என்னவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லிவிடுவார் என்பதால் நான் கேட்பதில்லை.