படியில் சாயம் காயவில்லை

மாதா அறியச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூட நான் சேர்த்ததில்லை. நேரங்கள்கூட என் கைக்கடிகாரத்தில் பார்த்தவைதான்.

1960, பெப்ரவரி மாதம். என் பெயர் சிறில். ஹட்டனில் பெயின்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்று இருந்தது. பழைய துரை சீமைக்குப் போனபிறகு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. புதுத் துரை கொழும்பிலிருந்து மனைவியோடு வரப்போகிறார், ரோட்டிலிருந்து பார்த்தால் பங்களா பளிச்சென்று இருக்கவேண்டும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே ஒன்றும் செய்யவேண்டாமாம். முன்பக்கம் மட்டும் போதுமாம்.

சுவரில் இருந்த பாசியைச் சுரண்டி வெள்ளை அடித்தேன். ஜன்னல்களுக்குப் பச்சை. கூரைத் தண்ணீர் இறங்கும் பீலியெல்லாம் துரு. அதையும் தேய்த்துப் பூசினேன். தோட்டக்காரர் ஆண்டியப்பன் வேலியை ஒழுங்காக வெட்டி, பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார். வாசலுக்கு ஏறும் ஏழு சிமெந்துப் படிகளைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அவற்றுக்குச் சிவப்பு.

வியாழக்கிழமை மேல்படியில் தொடங்கி, அடித்துக்கொண்டே கீழே இறங்கினேன். முடித்து நிமிர்ந்தபோது மணி நாலு பத்து. மூடுபனி இறங்கி, பாதை முனையிலிருந்த இரும்புக் கேட்டு மறைந்துவிட்டது. ஆண்டியப்பன் அங்கே வேலி வெட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சரக்... சரக்...

என் முதுகுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது.

திரும்பினேன். கம்பளியைத் தலையோடு போர்த்தியபடி ஒரு பெண் நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. மார்போடு ஒரு பிள்ளை. அதன் முகம் தெரியவில்லை, மூச்சு மட்டும் விசில் மாதிரி கேட்டது. என் மகளுக்கு அப்போது ஒரு வயசு. அந்த மூச்சு நல்லதில்லை என்று எனக்குத் தெரியும்.

"தொரையப் பார்க்கணுங்க."

துரை யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். என்னம்மா பிள்ளைக்கு என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கால் படியை நோக்கி வந்தது. என் கண்ணுக்கு நாள் முழுக்கப் பட்ட பாடுதான் தெரிந்தது.

"ஏறாதம்மா. சாயம் காயல. பின்பக்கமா போ."

அவள் படியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சுவரோரமாகப் பின்பக்கம் நடந்தாள்.

பின்கதவும் பூட்டித்தானே கிடக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. பின்னால் வெறும் பள்ளம். போக வழியே கிடையாது.

கேட்டுக்குப் போய் ஆண்டியப்பனைக் கேட்டேன். தன்னைத் தாண்டி ஒருவரும் உள்ளே வரவில்லை என்றார். மணி என்ன என்று கேட்டார். சொன்னேன். கத்தரியை அப்படியே போட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டாம் பூச்சு. ஆண்டியப்பன் மூன்று மணிக்கே போய்விட்டார். நான் கடைசிப் படியை முடித்தேன். பிரஷ்ஷைத் துடைக்கத் துணி எடுக்கத் திரும்பினேன்.

இருமல்.

நாலு பத்து.

மூன்றாவது படியில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஈரச் சிவப்பின் மேலேயே. பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

விசில் மூச்சு... விட்டு விட்டு...

நின்றது.

அவள் தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

என் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து நிமிர்ந்தேன்.

படி காலி.

கிட்டப் போய்ப் பார்த்தேன். பூச்சு கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஒரு தடம் இல்லை.

ஓடினேன்.

கீழே கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். ஆண்டியப்பன் ஓரமாக நின்றிருந்தார். அப்போது நாலரை. என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. தனியாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், இதே மாதம். கம்பெனியிலிருந்து பெரியவர் வருகிறார் என்று அப்போதும் பங்களா முன்பக்கத்துக்குப் பெயின்ட் அடித்தார்களாம். நாலு மணி தாண்டிய நேரம், வீரம்மா என்ற பெண் மூச்சு முட்டுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துரை அனுமதித் துண்டு எழுதித் தரவேண்டும். துரை தூக்கத்தில் இருந்திருக்கிறார். அன்றைய பெயின்ட்காரன், சாயம் காயவில்லை, பின்பக்கமாகப் போ என்று விரட்டியிருக்கிறான். பின்கதவு பூட்டு. அவள் திரும்பி வந்து, கதவைத் தட்டப் பயந்து, அந்த ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துரை எழுந்து வந்தபோது ஐந்தே முக்கால். பிள்ளை போய்விட்டது.

"கேட்டத் தொறந்து விட்டது நான்தான்," என்றார் ஆண்டியப்பன். "போயி கதவத் தட்டு, நானிருக்கேன்னு சொல்லல."

கையில் ஒட்டியிருந்த சிவப்பைத் தேய்த்துப் பார்த்தேன். பிறகு கேட்டேன்.

"அந்த அம்மா எப்ப செத்தாங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"யாரு, வீரம்மாவா? அது சாகலையே. அந்தா நிக்குது."

வரிசையைக் காட்டினார்.

அதே முகம். தலை நரைத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. ஆனால் அதே முகம்.

மூன்றரையிலிருந்து அந்த அம்மா அங்கேதான் நிற்பதாக ஆண்டியப்பன் சொன்னார். அன்றைக்குப் பிறகு பங்களாப் பாதையில் காலே வைத்ததில்லையாம். அங்கே என்ன வேலை நடக்கிறது என்று யாரும் அந்த அம்மாவிடம் பேசுவதுமில்லையாம்.

கொழுந்தைக் கொட்டிவிட்டு, வெறுங்கூடையோடு அந்த அம்மா எங்கள் பக்கமாக வந்தது.

என் எதிரில் நின்றது.

என் கைகளில் இருந்த சிவப்பையே பார்த்தது.

"சாயம் காஞ்சிருச்சுங்களா?"

காய்ந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. பூசி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா நகரவில்லை. என் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தது...