ஐந்தாவது பாட்டைத் தள்ளுகிறவள்

அந்தப் பார்லரில் அவளை எல்லோரும் எட்டுப்பாட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது, அது சம்பளச் சீட்டோடு சரி. முடிக்குச் சாயம் பூசுவதில் அந்தத் தெருவிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் கடிகாரம் மட்டும் பார்க்கமாட்டாள். சுவர்க் கடிகாரம் எதிர்க் கண்ணாடியில் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்துப் பார்த்து அதன்மேல் நம்பிக்கை போய்விட்டது. ஊரே முணுமுணுக்கும் ஒரு பாடகி, தானே எழுதித் தானே பாடிய ஓர் ஆல்பம், எட்டுப் பாட்டு. அதுதான் அவளுக்கு மணி காட்டும்.

முதல் பாட்டில் பாடகி பஸ்ஸைத் தவறவிட்டுப் புலம்புவாள். கிண்ணத்தில் சாயம் கலக்க அது போதும். இரண்டாவதில் தாளம் துள்ளும், பின்னந்தலை முடிந்துவிடும். மூன்றாவது வீட்டுக்காரரோடு சண்டை, அதில் உச்சியும் நெற்றியோரமும். நான்காவது வெறும் கிடார். சாயம் ஊறும், இவள் கையுறையோடு கண்ணை மூடி நிற்பாள். ஐந்தாவது தொடங்கியதுமே போனை முழங்கையால் ஓர் இடி, பாட்டு ஆறாவதுக்குத் தாவிவிடும். ஆறாவது இடத்தை அடைக்க வந்த பாட்டு. லலலாவைக் கழித்தால் மிச்சம் ஒன்றுமில்லை. ஏழாவது ரயில் நீளம், வயலின் அழுதுகொண்டே வரும். எட்டாவது சின்ன முனகல், அது முடியும்போது தலை தண்ணீர்த் தொட்டியில் இருக்கவேண்டும். இரண்டு வருஷமாக ஒரு தலைகூடப் பிசகியதில்லை.

ஐந்தாவதை ஏன் தள்ளுகிறாய் என்றால், "அது நல்லாயில்ல" என்பாள். பச்சைப் பொய். ஒரே போர்வையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு தூங்கும் அக்கா தங்கையின் பாட்டு அது.

இவளுக்கும் ஓர் அக்கா உண்டு. அப்பா படுத்த படுக்கையானபோது வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனவள், அப்பா கண்ணை மூடிய பிறகுதான் வந்தாள். "இப்ப யாரைப் பார்க்க வந்தே?" என்று இவள் வாசலிலேயே கேட்டாள். அதோடு இரண்டு வருஷம் பேச்சே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அக்கா பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். தலை முழுக்க நரை.

"மூணு மணிக்கு இன்டர்வியூ. இந்தக் கோலத்துல போனா, வேலை கேட்டு வந்தியா பென்ஷன் கேட்டு வந்தியான்னு கேட்பாங்க. லேசான பழுப்பு. பண்ணுவியா?"

"உட்காரு."

இதைச் சொதப்பினால் அக்கா இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள் என்று தங்கைக்குத் தெரியும். நான்கு பாட்டும் வழக்கம்போல் ஓடி முடிந்தன. ஐந்தாவது தொடங்கியது. முழங்கை உயர்ந்தது.

"விடுடீ, ஓடட்டும்" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமா நான் இதை மட்டும்தான் கேட்கறேன்."

முழங்கை அப்படியே நின்றது. பாட்டு முடிந்ததும் அக்கா போர்த்திய துணிக்கடியிலிருந்து கையை நீட்டி அதையே மறுபடி ஓடவிட்டாள்.

"அப்பா என்னைக் கேட்டாரா?"

"தினமும். அக்கா வந்துட்டா, சமையல் பண்றான்னு புளுகுவேன்."

"நம்பினாரா?"

"எங்கே! 'அவ சமைச்சா தீயற வாசனை வருமே, இன்னும் வரலையே'ன்னாரு."

அக்கா சிரித்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு வாசல்ல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள் தங்கை. "கேட்காம? நானா இருந்தா அறைஞ்சிருப்பேன்" என்றாள் அக்கா. இருவரும் பேசப் பேச ஐந்தாவது பாட்டு மூன்றாம் முறையும் ஓடிற்று.

அப்புறம் ஆறு, ஏழு, எட்டு. கை பழகிய பழக்கம், எட்டாவது முடியும்வரை தங்கை காத்திருந்தாள். ஐந்தாவதுக்கே அவள் கணக்கில் இடம் கிடையாது, அதுவோ மூன்று முறை ஓடியிருந்தது. கழுவித் துவட்டினால், பழுப்பைக் காணோம். அட்டக் கறுப்பு.

தங்கைக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா... நேரம்..."

அக்கா கண்ணாடியில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போடுவியே, அதே கலரு."

"இன்டர்வியூக்கு..."

"போறேன். ஆனா நீ இதைச் சரியாப் பண்ற வரைக்கும் மாசாமாசம் வருவேன், பார்த்துக்கோ."

சொன்னபடி அடுத்த மாதம், கறுப்பு மங்கிய தலையோடு வந்தாள். வேலை கிடைத்திருந்தது. ஐந்தாவது மூன்று தடவை ஓடியது. தங்கை ஆறையும் ஏழையும் முழங்கையால் இடித்துத் தள்ளினாள். எட்டாவது முனகி முடித்தபோது தலை தொட்டியில் இருந்தது.

பழுப்பு அச்சு அசலாக வந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் வெளுப்பா வேணும்" என்றாள் அக்கா. "அடுத்த மாசம் பார்க்கலாம்."