கலைச்செல்வி சிஸ்டரின் ஹெல்மெட் கொட்டகை

செய்தி வந்தபோது நான் சுரங்க வாசலுக்கு வெளியே, வண்டி ஸ்டாண்டில் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாம் ஷிப்ட் உள்ளே போகிற நேரம். ஸ்டாண்டை நடத்தும் ஜெயவேல் அண்ணன் ஒவ்வொருவரிடமும் ஏதாவது வம்பு இழுத்தபடிதான் ஹெல்மெட்டை வாங்கி மாட்டுவார். அன்று வம்பு இல்லை. மாட்டிவிட்டு, கொக்கியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"சிஸ்டர் போயிட்டாங்கப்பா. காலைல, வூட்லயே. மார் வலிக்குதுன்னு உக்காந்தவங்க எழுந்திரிக்கல."

எனக்குப் பின்னால் நின்ற ஒரு புதுப் பையன், "எந்த சிஸ்டர்?" என்றான்.

ஜெயவேல் அண்ணன் அவனைத் திரும்பிப் பார்த்தார். "கையில வச்சிக்கினு நிக்கிறியே ஹெல்மெட்டு, அதை மாட்டுறதுக்கு இடம் பண்ணுன சிஸ்டர்."

இந்த இதழைப் படிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் பலருக்குக் கலைச்செல்வி சிஸ்டரைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேல்பட்டாம்பாக்கத்தில் பிறந்தவர். நெய்வேலியில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருக்கும்போதே, டவுன்ஷிப்புக்கு வெளியே வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அன்பே உருவானவர் என்று எழுத எனக்குக் கை வராது. அவர் வாய்க்குப் பயந்து, கட்டு மாற்றப் போகாமல் புண்ணோடு வேலைக்கு வந்தவர்கள் நம்மில் உண்டு.

நான் அவரை முதலில் பார்த்தது சேகர் அடிபட்ட அன்று. நானும் சேகரும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளிப் போடும் வேலையில் இருந்தோம். முதல் ஷிப்ட் முடிந்து வடக்குத்துக்குத் திரும்பும்போது டிப்பர் லாரி ஒன்று அவன் பைக்கை உரசிக்கொண்டு போனது. பின்னால் வந்த நான் அவனை ஒரு ஷேர் ஆட்டோவில் தூக்கிப் போட்டேன். தூரத்தில் உருண்டு கிடந்த அவனுடைய மஞ்சள் மைன்ஸ் தொப்பியையும் மறக்காமல் எடுத்துக்கொண்டேன். தொப்பி தொலைந்தால் மறுநாள் வாசலில் உள்ளே விடமாட்டார்கள். மறுநாள் சேகர் வேலைக்கு வருவான் என்றுதான் என் புத்தி அப்போதும் நினைத்தது.

மருத்துவமனையில் சிஸ்டர் அவனைப் பார்த்து முடித்துவிட்டு வெளியே வந்தார். என் கையிலிருந்த தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொப்பி நல்லா இருக்கு. ஒரு கீறல் இல்ல. தலையத்தான் ஒண்ணும் பண்ண முடியல" என்றார்.

அடித்துவிடலாம் போல இருந்தது எனக்கு. சேகரைப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கேயே இறந்தான்.

சுரங்கத்தில் நாம் போடும் தொப்பி மேலிருந்து விழும் கல்லுக்காகச் செய்தது. உள்ளே தடித்த பஞ்சு கிடையாது. தாடைப் பட்டையை யாரும் மாட்டுவதும் கிடையாது. பைக்கிலிருந்து விழுகிறவனுக்கு முன்பாகவே தொப்பி விழுந்து ஓடிவிடும். ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் நாமெல்லாம் பைக் ஓட்டினோம். வேலையில் தலையைக் காப்பாற்றுவது ரோட்டிலும் காப்பாற்றும் என்று நம்பினோம். ரோட்டில் மடக்கும் போலீஸ்காரர்கூட மஞ்சள் நிறத்தைப் பார்த்ததும் கையை இறக்கிவிடுவார். இப்படி ஒரு தவறை வேறு எந்த ஊர்க்காரனும் செய்திருக்க முடியாது.

அடுத்த ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தது. நிரந்தரத் தொழிலாளர்கள் குடியிருக்கும் டவுன்ஷிப்பில் ஒரு மண்டபத்தில் கூட்டம். பள்ளிப் பிள்ளைகளைப் பதாகையோடு வெயிலில் நடக்கவிட்டுக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் திரையைக் கட்டி ஒரு படம் காட்டினார்கள். வருடத்துக்கு வருடம் விபத்து குறைகிறது என்று ஒரு சிவப்புக் கோடு சரிந்து இறங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். பின் வரிசையில் சிஸ்டர் எழுந்தார்.

"சார், கோடு எறங்குது, சந்தோஷம். வடக்குத்து ரோட்டுல விழுந்தவங்க இதுல இருக்காங்களா?"

"இது டவுன்ஷிப் ரோடுகளோட கணக்கும்மா."

"டவுன்ஷிப் வாசல் ஆர்ச்சுக்கு வெளிய விழுந்தா?"

"அது வேற ஸ்டேஷன் லிமிட்."

"இங்க அடிபட்டு பாண்டிச்சேரில செத்தா?"

"அது அங்க வரும்மா."

"அப்ப உங்க கணக்குல வர்றதுக்கு நாங்க எங்க சார் சாவணும்?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். உட்காருங்கம்மா என்றார்கள். "பதில் சொல்லுங்க, உக்கார்றேன்" என்றார். கூட்டம் முடியும்வரை நின்றார். வாழ்த்துரை, நன்றியுரை, உறுதிமொழி எல்லாம் நடந்தது. அவர் நின்றபடியே இருந்தார்.

அன்று மேடையில் யாரும் பொய் சொல்லவில்லை. டவுன்ஷிப்புக்குள் அகலமான ரோடு, மரம், வேகத்தடை, விளக்கு. அங்கே விபத்து குறைந்தது உண்மைதான். பெர்மனென்ட்டுக்கு ஷிப்ட் பஸ் உண்டு. கான்ட்ராக்ட்காரன் ஆர்ச்சைத் தாண்டி லாரிகளுக்கு இடையில் பைக்கில் போகிறான். விழுகிற இடத்தில் நம்முடைய கணக்கு இல்லை. கணக்கு இருக்கிற இடத்தில் நாம் விழுவதில்லை. அந்தப் படத்துக்குத்தான் கை தட்டினார்கள்.

கூட்டத்துக்கு வெளியே நான் அவரிடம் போனேன். சேகர் விஷயத்தில் இருந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"உங்களுக்கென்ன சிஸ்டர், நீங்க பெர்மனென்ட். எழுந்து நின்னு பேசலாம்."

"ஆமாண்டா, பெர்மனென்ட்டுதான். என்னைத் தூக்க முடியாது. நீ பேசுனா நாளைக்கே கேட் பாஸை வாங்கிக்கினு வெளிய அனுப்புவான். அப்ப யாரு பேசணும், நீயே சொல்லு."

பெர்மனென்ட் என்ற வார்த்தைக்கு இப்படி ஒரு பயன் இருப்பதை வேறு எந்தப் பெர்மனென்ட்டும் எனக்குச் சொன்னதில்லை.

பூசணிக்காய் கதை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு நாள் ஷிப்ட் நேரத்தில் சுரங்க வாசலுக்குத் தன் ஸ்கூட்டியில் வந்தார். முன்னால் இரண்டு பூசணிக்காய். ஒன்றுக்கு மைன்ஸ் தொப்பியை வைத்து இருக்கையின் உயரத்திலிருந்து ரோட்டில் தள்ளிவிட்டார். தொப்பி ஒரு பக்கம் ஓடியது, காய் பிளந்து சிதறியது. இன்னொன்றை ஹெல்மெட்டுக்குள் திணித்து, பட்டையை இழுத்து மாட்டித் தள்ளினார். அது உருண்டு போய் நின்றது. உடையவில்லை.

கூட்டத்திலிருந்து ஒருவர், "என்னா சிஸ்டர், மைன்ஸுக்குத் திருஷ்டி சுத்துறீங்களா?" என்றார்.

இன்னொருவர், "ரோட்டுல பூசணிக்காய ஒடச்சி வச்சா பைக்குக்காரன் வழுக்கி விழமாட்டானா? ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஆள் புடிச்சி அனுப்புவீங்க போலருக்கு" என்றார்.

சிஸ்டருக்கு முகம் சிவந்தது. ஆனால் சொன்னது சரி என்று அவருக்குத் தெரிந்தது. டீக்கடையில் துடைப்பம் வாங்கி, சதையும் விதையும் ஒட்டாமல் தானே கூட்டி அள்ளினார். மறுநாள் நாங்கள் அனைவரும் மைன்ஸ் தொப்பியோடுதான் வந்தோம். அவரும் வந்து நின்று பார்த்தார்.

"நேத்து பார்த்தும் ஏண்டா இதையே போட்டுக்கினு வர்றீங்க? அறிவில்லையா?"

அப்போதுதான் ஜெயவேல் அண்ணன் வாயைத் திறந்தார். "அறிவெல்லாம் இருக்குங்க சிஸ்டர். ஹெல்மெட்ட எங்க வைக்கிறது? உள்ள எடுத்துக்கினு போனா வைக்க எடம் இல்ல. வண்டியில மாட்டிட்டுப் போனா ஷிப்ட் முடிஞ்சி வர்றப்போ இருக்காது. வாசல்ல மைன்ஸ் தொப்பி இல்லன்னா உள்ள வுடமாட்டான். தலை ஒண்ணுதான இருக்கு? உங்க தலையில ஒண்ணை வச்சிக்கிறீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஸ்டாண்டுக்குள் போய் வண்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு, "இதை ஏன் யாரும் முன்னயே சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கலங்களே. பூசணிக்காயத்தான கொண்டாந்தீங்க."

அன்றிலிருந்து அவர் பூசணிக்காயை விட்டுவிட்டார். புத்தி சொல்வதையும் விட்டுவிட்டார். ஹெல்மெட் மாட்ட ஒரு கொட்டகை வேண்டும் என்று அலையத் தொடங்கினார். ஒரு அலுவலகத்தில் வாசலுக்கு வெளியே எங்கள் பொறுப்பு இல்லை என்றார்கள். இன்னொன்றில் அது எங்கள் நிலம் இல்லை என்றார்கள். நம் கான்ட்ராக்டர், "ஹெல்மெட் போடணும்னு நானா சட்டம் போட்டேன்?" என்று கேட்டார். எல்லோரும் கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து நின்றார்கள்: எழுதிக் கொடுங்க, பார்க்கலாம். எழுதிக் கொடுத்தார். பார்த்தார்கள்.

"இவனுங்க பாக்குறதுக்குள்ள எனக்கு இன்னும் எத்தினி மண்டை வரும்?" என்று கேட்டுவிட்டு, சிஸ்டர் நேராக ஸ்டாண்டுக்கு வந்தார். ஸ்டாண்டின் பின்பக்கச் சுவரைக் காட்டி, "இந்த எடம் யாருது?" என்றார். ஜெயவேல் அண்ணன் குத்தகைக்கு எடுத்த இடம்தான். ஞாயிற்றுக்கிழமை நம் வெல்டர்கள் வந்து பழைய குழாய்களை வரிசையாகப் பற்றவைத்துக் கொக்கி அடித்தார்கள். மேலே தகரம், முன்னால் கம்பிக் கதவு, பூட்டு. வண்டிக்குக் கொடுக்கும் டோக்கனே ஹெல்மெட்டுக்கும்.

திறந்த நாளில் யாரும் முதல் ஆளாக மாட்ட வரவில்லை. காரணம் கேட்டால் உங்களுக்கே சிரிப்பு வரும்.

"அடுத்தவன் ஹெல்மெட்டோட ஒட்டிக்கினு இருந்தா அவன் பேன் என் தலைக்கு வந்துடும் சிஸ்டர்."

"பேனுக்கு என்கிட்ட மருந்து இருக்கு. அதுக்கு இல்ல" என்று சிஸ்டர் ரோட்டைக் காட்டினார். தன் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி முதல் கொக்கியில் மாட்டினார். தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டே வடக்குத்துக்கு நடந்து போனார். அடுத்த ஷிப்ட்டில் கொட்டகையின் ஒரு வரிசை நிறைந்தது.

விபத்து குறைந்ததா என்று கேட்டால், இல்லை. லாரிகள் கூடின. தவணைக்கு வாங்கிய பைக்குகள் கூடின. ஒவ்வொரு வருடமும் நம் ரோட்டில் விழுந்தவர்கள் கூடத்தான் செய்தார்கள். ஆனால் கையும் காலும் உடைந்து வந்தார்கள். திரும்பி வேலைக்கும் வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனார். பக்கவாட்டில் விரிசல் ஓடி, உள்பஞ்சு நசுங்கிப் போயிருந்தது. சிஸ்டர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குக் கொண்டுவந்து கதவுக்கு நேரே மாட்டினார்.

"இப்படித்தான் இருக்கணும். இது ஒடயணும், நீ வந்து நிக்கணும்" என்றார். சேகரின் தொப்பியைப் பார்த்துச் சொன்ன சொல்லுக்கு அன்றுதான் எனக்கு அர்த்தம் புரிந்தது. அந்தக் கோபம் அன்றோடு போனது.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் ரோட்டை விடவில்லை. வடக்குத்திலிருந்து டவுன்ஷிப்புக்குத் துப்புரவு வேலைக்கு வரும் பெண்கள் காலையில் நடந்துதான் வருவார்கள். பஸ் இல்லை, நடைபாதை இல்லை. தார் ரோட்டின் ஓரம் உடைந்து பள்ளமாகக் கிடப்பதால் ரோட்டின் மேலேயே நடக்க வேண்டும். அவர்களுக்குப் பின்னால் சிஸ்டர் தன் ஸ்கூட்டியில், இண்டிகேட்டரை எரியவிட்டபடி, நடை வேகத்தில் வருவார். லாரிகள் அவரைச் சுற்றிக்கொண்டு போகும். டிரைவர்கள் திட்டிக்கொண்டு போவார்கள். அவரும் திட்டுவார்.

அந்தப் பெண்களில் ஒருவரான அஞ்சலை அக்கா கேட்டாராம்: "என்னா சிஸ்டர், மாடு ஓட்டிக்கினு போறாப்ல வர்றீங்க?"

"மாடுன்னா லாரிக்காரன் ஹாரன் அடிச்சி நிக்கிறான். உங்களுக்கு அதுவும் இல்லையே."

கடைசியாக நான் அவரைப் பார்த்ததும் அந்த ரோட்டில்தான். வண்டியை நிறுத்தாமலே என்னிடம் பேசினார். "தலைக்கு ஒரு வழி பண்ணியாச்சு. நடக்கறவங்களுக்கு என்னடா பண்றது? ஹெல்மெட்டா போட முடியும்? ஓரமா ஒரு பாதை போடச் சொல்லணும். இந்த ஜனவரி நீயும் வா."

"வேலை போயிடும் சிஸ்டர்."

"நான் பேசுறேன். நீ சும்மா பக்கத்துல நில்லு."

ஜனவரிக்கு முன்பே அவர் போய்விட்டார். கூட்டத்துக்கு நான் போனேன். அதே மண்டபம், அதே வெயிலில் நடந்து வந்த பிள்ளைகள், இன்னும் கீழே இறங்கிய அதே கோடு. கை தட்டி முடித்ததும் எழுந்தேன்.

"சார், வடக்குத்து ரோட்டுல நடந்து வர்றவங்க இந்தக் கோட்டுல எங்க இருக்காங்க?"

"கேள்விகள் கடைசியில தம்பி. உக்காருங்க."

"சரிங்க சார். நிக்கிறேன்."

பக்கத்தில் ஜெயவேல் அண்ணன் எழுந்தார். அவருக்கு அப்பால் அஞ்சலை அக்காவும் கூட வந்த பெண்களும் எழுந்தார்கள். நன்றியுரை முடிகிறவரை நின்றோம். எனக்குப் பயம்தான். பயந்தாலும் நிற்க முடிகிறது. சிஸ்டரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். இந்தக் கட்டுரை வரும்போது என் பாஸ் என் கையில் இருக்குமா என்று தெரியாது. அதனால்தான் என் பெயரைப் போட்டே எழுதச் சம்மதித்தேன். எழுந்து நின்றது யார் என்று எப்படியும் தெரிந்துவிட்டது.

கடைசியில் மேடையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். "எழுதிக் கொடுங்க, பார்க்கலாம்" என்றார்.

கொட்டகைக்கும் முதலில் இதையேதான் சொன்னார்கள். இன்று அங்கே கொக்கி போதவில்லை.