தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மாற்றினேன்

தாம்பரத்தில் நடந்த அக்கா கல்யாணத்தில் படம் எடுப்பது என் பொறுப்பு. நண்பன் டேனி இரண்டு சின்ன கேமராக்களை நீட்டினான். ஒன்றில் லென்ஸைக் கழற்றி மாற்றலாம். மற்றதில் கழற்ற முடியாது. ஆனால் அதுவே தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும். எதை எடுப்பது? தலை சுற்றியது. கழற்றுவதுதான் கெத்து என்று அதையே எடுத்தேன்.

சர்ச்சில் ஃபாதர், "பீடத்துக்கிட்ட வராதப்பா, கடைசி பெஞ்சுல நில்லு" என்றார். அங்கிருந்து அக்கா எறும்பாகத் தெரிந்தாள். பெரிய லென்ஸை மாட்டுவதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டிவிட்டார்.

"தாலி கட்டுனத எடுத்தியாடா?" என்றாள் அக்கா.

"உன் மேக்கப்பப் பாத்து கேமரா கண்ண மூடிக்கிச்சுக்கா."

அவள் கண் கலங்கியது.

"அழாதக்கா, நான் எட்த்துகீறேன்" என்று, என்னோடு கடைசி பெஞ்சில் நின்றிருந்த டேனி மற்ற கேமராவைக் காட்டினான்.

எது நல்ல கேமரா? இன்றும் குழப்பம்தான். ஆனால் இப்போதெல்லாம், எங்கே நிற்க விடுவார்கள் என்று கேட்ட பிறகே கேமராவைத் தேர்ந்தெடுக்கிறேன்.