கெட்டுப்போகாத தொக்குக்கு யார் கைதட்டுவார்கள்?

உணவுப் பதப்படுத்தல் படித்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தால் உலகத்தில் எதுவுமே நடக்காது: பூஞ்சை பூக்காது, மூடி புடைக்காது, யாருக்கும் வயிறு வலிக்காது. நடக்காத ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்? கூட வந்தவன் பாராட்டு வாங்குவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவர்களே, இது உங்களுக்காகத்தான்.

மாரண்டஹள்ளிப் பக்கம் ஒரு மகளிர் குழு தக்காளித் தொக்கு போடுகிறது. விலை விழுந்தால் தக்காளியை ரோட்டோரம் கொட்டுகிற ஊர். ஓசூரில் ஒரு கடை தொடர்ந்து தொக்கு வாங்கினால் கொட்ட வேண்டியதில்லை. அதற்குக் கைகொடுக்க எங்கள் கல்லூரியிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு பேர் போனோம். தொக்கு கெடாமல் பார்த்துக்கொள்ள நான். லேபிள் வரைய, படம் எடுக்க வினோத்.

தொப்பி

அடுப்பருகே தலைக்குத் தொப்பி கட்டாயம் என்றேன். குழுத் தலைவி மாதம்மாள் அக்கா முதல் எல்லோரும் முகம் சுளித்துக்கொண்டே மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் வினோத் கேமராவோடு வந்தான். "அக்கா, தொப்பிய கழட்டுங்க, பூ தெரியட்டும்!" அடடா, என்ன சிரிப்பு, என்ன உபசாரம்!

தொக்கில் முடி விழுந்தால் படம் எடுத்தவனா பதில் சொல்வான் என்று சண்டைக்குப் போனேன். குழுவில் இருந்த ராணி அக்கா செல்போனில் முகம் பார்த்துப் பூவைச் சரிசெய்தபடியே சொன்னார்: "நீ சொல்றது சரிதான் பாப்பா. ஆனா அந்தத் தம்பி சொல்றது நல்லாருக்குதே."

முட்டை

மதியச் சாப்பாட்டில் அவன் தட்டில் முட்டை. என் தட்டில் வெறும் ரசம். எனக்கு முட்டை பெரிதில்லை, சமத்துவம் பெரிது. கேட்டேவிட்டேன். ராணி அக்கா சொன்னார்: "உனக்கு வெக்க பயமா இருந்துச்சு பாப்பா. எந்தத் தண்ணில வேக வெச்சீங்கன்னு கேப்ப."

ஈர பாட்டில்

ஓசூர்க் கடைக்காரர் மாதிரிக்கு ஒரு பெட்டி கேட்டிருந்தார். ஒரு மாதம் வைத்துப் பார்த்துத்தான் ஆர்டர் தருவாராம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கழுவிய பாட்டில்களில் ஈரம் காயவில்லை. அப்படியே ஊற்றப் போனார்கள். நான் குண்டானை மூடிவிட்டு முன்னால் நின்றுகொண்டேன். ஈரம் இருந்தால் பூஞ்சை நிச்சயம் என்று கத்தினேன். "ரெண்டு சொட்டுத் தண்ணில என்ன ஆயிடப்போவுது?" என்றான் வினோத். ஆகும்! அதைத்தானே மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்!

பஸ் போய்விட்டது. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மாதம்மாள் அக்கா பாட்டில்களை வெயிலில் கவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸு போச்சு. ஆர்டரும் போச்சுன்னா இந்தப் பக்கம் வந்துராத."

சால்வை

பெட்டி மறுநாள் பஸ்ஸில் போனது. மாதம் முடிந்து கடைக்காரர் பாட்டிலைத் திறந்தார். அன்றைக்குப் போட்டது போலவே இருந்ததாம். இனி மாதாமாதம் வேண்டும் என்றவர், போனில் கூடவே ஒன்று சொன்னார்: "லேபிள் பிரமாதம்." லேபிளையா சோற்றில் பிசைந்து சாப்பிட்டார்?

அந்த வாரமே வினோத்துக்குச் சால்வை. அவன் வேலை முடிந்து பெங்களூரு கிளம்புகிறான். எனக்கு உட்கார ஒரு பிளாஸ்டிக் சேர். கூட்டம் கலைந்ததும், "எனக்கு மட்டும் ஏங்க்கா இல்ல?" என்று நேராகவே கேட்டேன். மாதம்மாள் அக்கா அசரவில்லை: "சால்வ போட்டா போயிட்டு வாங்கன்னு அர்த்தம் பாப்பா. உன்ன அனுப்பிட்டு, அடுத்த சனிக்கெழம நாங்க யாருகிட்ட திட்டு வாங்கறது?"

பதில் நியாயமானதுதான், ஆனாலும் அந்தப் பச்சைச் சால்வை வினோத்துக்குக் கொஞ்சமும் எடுபடவில்லை என்பதை யாராவது ஒருத்தர் எழுதி வைக்க வேண்டுமில்லையா?