சக்கரத்தளவு ஏலக்காய்

உள்ளங்கையில் நிற்கும் ஒரு ஜீப்பை மொபைலில் படம் எடுப்பது கைக்குழந்தையைப் படம் எடுப்பதைவிடச் சிரமம். குழந்தையாவது ஒரு கட்டத்தில் அழுது ஓய்ந்துவிடும், ஜீப்பைச் செய்தவர் ஓயவே மாட்டார். மினியேச்சர் செய்கிறவர்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்து, அதை இணையத்தில் ஏற்றி, கடைசியில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் சக பாவப்பட்டவர்களே, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இது உங்கள் கதையும்தான்.

எனக்குக் கேரள மலைப்பக்கம் சக்குபள்ளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. வீட்டுக்காரர் அந்தோணி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஜீப்பால்தான். கணக்குக்கு மேல் ஒரு ஆளை ஏற்ற மாட்டார். மழையில் நின்ற என் சொந்தத் தம்பியையே "அடுத்த ஜீப்புல வா" என்று சொல்லிவிட்டு வந்த மனிதர். அப்படிப்பட்டவருடைய லைசென்ஸுக்கே என் மொபைலால் ஆபத்து வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

துடைத்தது என் குற்றம்

படம் எடுக்க வந்த முதல் வாடிக்கையாளர் சேவியர் அண்ணன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. மற்ற நேரமெல்லாம் பிளாஸ்டிக் அட்டையை வெட்டி ஒட்டி ஜீப் செய்வார். அந்தோணியின் ஜீப்பைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார். பம்பரில் உள்ள நெளிவு, கண்ணாடியில் ஒட்டிய மாதா படம், நம்பர் பிளேட் என்று ஒன்று விடவில்லை. நம்பரையும் அப்படியே எழுதியிருந்தார். அன்று அது அழகாகத்தான் தெரிந்தது.

கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். பார்த்தால் சக்கரமெல்லாம் செம்மண். படம் எடுக்க வருகிற பொருளை இப்படியா கொண்டுவருவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன். திரும்பி வந்தவர் ஜீப்பைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "தங்கச்சி, அது அழுக்கு இல்ல. ரெண்டு நாளு உக்காந்து பூசுன சேறு."

அளவுக்கு ஒரு காய்

மினியேச்சர் படத்தில் பக்கத்தில் ஏதாவது ஒரு பொருள் இருக்க வேண்டும். அப்போதுதான் பார்க்கிறவர்களுக்கு அளவு தெரியும். முதலில் ஐந்து ரூபாய் நாணயம் வைத்தேன். பழைய ஐந்தா, புது ஐந்தா என்று மினியேச்சர் ஆர்வலர்களின் குழுவில் இரண்டு நாள் சண்டை. போதும் சாமி என்று, எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கிடைக்கிற பச்சை ஏலக்காய் ஒன்றைச் சக்கரத்தின் பக்கத்தில் வைத்து எடுத்தேன். படங்களை ஓர் இணையதளத்தில் ஆல்பமாக ஏற்றி, லிங்க்கை மினியேச்சர் குழுக்களில் போட்டேன்.

கேள்விகள் குவிந்தன. கதவு திறக்குமா, ஸ்டியரிங் சுற்றுமா என்றெல்லாம் கேட்பார்கள் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. கேரளத்துச் சித்தூரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் வேலுச்சாமி என்பவர் எங்கிருந்தோ என் நம்பரைப் பிடித்து போனே செய்துவிட்டார். "ஏனுங்க, வண்டி கெடக்கட்டுமுங்க. அந்தக் காய் கிலோ என்ன வெலைங்க?"

அடியில் படுத்துப் பார்த்தவர்

விலை கேட்டவரே கடைசியில் ஜீப்பையும் வாங்க முன்வந்தார். ஆனால் அவர் மினியேச்சர் வாங்கும் முறை, சந்தையில் பழைய ஜீப் வாங்கும் முறை. பின்பக்கம் காட்டுங்க என்றார், காட்டினேன். டயர் தேய்மானம் காட்டுங்க என்றார். அதையும் எடுத்து, ஏற்றி, லிங்க் அனுப்பினேன். பிறகு அடிப்பாகம். ஜீப்பைக் கவிழ்த்துப் போட்டு எடுத்தால், "கவுத்தாதீங்க, ஆயில் ஒழுகீரும்" என்கிறார். விளையாட்டாகச் சொல்கிறாரா என்று குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு ஜீப்புக்கு ஏழு ஆல்பம் போட்ட பிறகு, இனி என்னதான் பார்க்க வேண்டும் என்று கொஞ்சம் கடுப்பாகவே கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எல்லாம் நல்லாருக்குதுங்க. ஆனா ஓட்டிப் பாக்காம எப்படிங்க வாங்கறது?"

பொம்மை என்று சொல்லாதே

இதற்கிடையில் சேவியர் அண்ணனுக்கு மனக்குறை. ஏலக்காயைப் பக்கத்தில் வைத்தால் ஜீப் பொம்மை மாதிரி தெரிகிறதாம். அண்ணே, அது பொம்மைதானே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மூன்று நாள் கடைப் பக்கம் வரவில்லை. நான்காம் நாள் வந்தபோது, ஜீப்பில் ஆட்களையும் உட்காரவைத்திருந்தார். உள்ளே பதினொரு பேர், பின்னால் தொங்குகிறவர்கள் ஐந்து பேர், கூரை மேல் மூன்று பேர். ஆள் இல்லாத ஜீப்பை யார் பார்ப்பார்கள் என்றார்.

கடையில் வழக்கம்போல ஏலக்காயோடு எடுத்து ஏற்றினேன். பார்த்துவிட்டு, இதை அழி, ரோட்டில் வைத்து எடு என்றார். ரோட்டோரச் சிறுபாலத்துக் கலுங்குக் கட்டை மேல், பின்னால் மலைப்பாதை தெரியும்படி ஜீப்பை வைத்தேன். லென்ஸ் தரையை ஒட்டி இருப்பதற்காக மொபைலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஈரப் பாசியில் வயிற்றை வைத்துப் படுத்தேன். போகிற வருகிற பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மூடுபனி இறங்கிய நேரம் பார்த்து ஒரே ஒரு படம். நானே எடுத்ததா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஏலக்காய்ப் படத்தை அழித்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னது பொய். என் போனில் இடம் இல்லை, அதனால் ஏற்றியதும் போனிலிருந்து அழித்துவிடுவேன். தளத்திலும் அழித்தால் பட்ட பாடு வீண். யாருக்கும் தெரியாதபடி ஆல்பத்தை மறைத்து மட்டும் வைத்தேன். அது தெரியாத சேவியர் அண்ணன் புதுப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "இப்பத்தான் தங்கச்சி வண்டியா இருக்கு."

வண்டியாகவே இருந்தது

வேலுச்சாமி ஜீப்பை வாங்கிக்கொண்டார், பஸ் பார்சலில் சித்தூர் போய்விட்டது. குழுவில் நான் ஏற்றிய ரோட்டுப் படம் மட்டும் ஊர் ஊராகச் சுற்றியது. யாரோ ஒருவர் எங்கள் பெயர்களை எடுத்துவிட்டு, 'மலைப்பாதையில் இப்படியும் ஆளேற்றுகிறார்கள்' என்று எழுதிப் போட்டார். ஆயிரம் பேர் திட்டினார்கள். நம்பர் பிளேட் துல்லியமாகத் தெரிந்தது. நான்தான் அதில் போகஸ் வைத்திருந்தேன்.

வண்டி விஷயம் பார்க்கும் ஆபீஸிலிருந்து அந்தோணிக்கு நோட்டீஸ் வந்தது. பத்தொன்பது பேரை ஏற்றியதற்கு விளக்கம் சொல்ல வேண்டும், திருப்தி இல்லாவிட்டால் லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள். என் தம்பியை மழையில் விட்டுவந்த மனிதர் அந்தத் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எனக்குப் பயமாக இருந்தது. ஜீப் நின்றால் அடுத்த வாரம் என்ன செய்வோம்? கடைசியில் சொன்னார். "நான் ஒருத்தனக்கூட சேத்து ஏத்துனதில்ல. நீ ஒரே போட்டோவுல எல்லாரையும் ஏத்திட்ட."

இறக்கிவிட்டவர்

பொம்மையைக் காட்டினால் தீர்ந்தது என்று வேலுச்சாமிக்குப் போன் செய்தேன். ஜீப்பை உடனே அனுப்புங்கள், அதே நம்பர், அதே ஆட்கள், அப்படியே வேண்டும் என்றேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "அதுல என்ற சொந்த வண்டி நெம்பரை எழுதிட்டனுங்க. பச்சைப் பெயிண்ட்டும் அடிச்சாச்சு. இத்தனை பேர ஏத்துனா நம்ம வண்டி தாங்காதுன்னு ஆளுகளையும் எறக்கி உட்டுட்டனுங்க."

ஆபீஸில்

சேவியர் அண்ணனைச் சாட்சிக்கு அழைத்துப் போனோம். அதைவிடப் பெரிய தப்பு இல்லை. அதிகாரி அந்தப் படத்தை மேசையில் வைத்ததும், இது என் கையால் செய்தது என்று சொல்லவேண்டிய மனிதர் குனிந்து ரசிக்க ஆரம்பித்துவிட்டார். "சார், நெசமாவே நெச வண்டின்னு நம்பிட்டீங்களா? அத அப்படியே ஒரு தாள்ல எழுதித் தர முடியுமா?" அதிகாரியின் முகம் இறுகியது. அந்தோணி என் பக்கம் திரும்பவே இல்லை.

மற்ற ஆல்பங்களில் ஜீப் இருந்தது, ஆட்கள் இல்லை. அப்போதுதான் மறைத்துவைத்த ஆல்பம் நினைவுக்கு வந்தது. அவசரத்தில் பாஸ்வேர்டு இரண்டு முறை தப்பானது. சிக்னல் ஒரே ஒரு கோடு. வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. படம் மேலிருந்து கீழாக மெல்ல இறங்கியது: கூரை மேல் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர், அதே நம்பர், கடைசியாகச் சக்கரத்தின் பக்கத்தில் சக்கரத்தளவுக்கு ஓர் ஏலக்காய்.

"நீ அத அழிக்கலியா?" என்றார் சேவியர் அண்ணன், நான் ஏதோ திருடிவிட்டதைப்போல.

அதிகாரி என் மொபைலை வாங்கி, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பேனாவை எடுத்து, அந்தோணியின் தாளில் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்திட்டார். எழுந்திருக்கப் போனோம். அவர் என் மொபைலைத் தரவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"காய் நல்லா உண்டல்லோ. கிலோவுக்கு எந்தா வில?"

பொம்மை ஜீப்பை நிஜமாகக் காட்டியது நான், நிஜ ஜீப்புக்கு ஜாமீன் கொடுத்தது ஓர் ஏலக்காய், ஆனால் இன்றுவரை கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் புகழ்வது என்னவோ சேவியர் அண்ணனைத்தான்.