வனமாமலை சோதித்து வாங்கிய புறா

வனமாமலையை யாரும் ஏமாற்ற முடியாது என்று முதலில் சொன்னவர் வனமாமலைதான். ஒரகடத்தில் காருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அவருக்குக் குவாலிட்டி பிரிவில் வேலை. லைனிலிருந்து வரும் இரும்புச் சாமான்களை அளவு பார்க்கும் கேஜில் வைத்துப் பார்ப்பார். மயிரிழை பிசகினாலும் ரிஜெக்ட் என்று சிவப்புப் பெட்டிக்குள் போட்டுவிடுவார். ஷிப்ட் முடிந்து சேரப்பணஞ்சேரிக்கு வந்த பிறகும் அந்தக் கண் ஓய்வதில்லை. கத்தரிக்காயைக்கூட வெயிலில் தூக்கிப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். நாங்குநேரியில் பெண் பார்க்கப் போன அன்று முத்துச்செல்வியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தவர் அவர்.

"பாத்தாவ. அவிய மார்க்க விட என் மார்க்கு கூட இருந்துது. சத்தங்காட்டாம மடிச்சிக் குடுத்துட்டாவ" என்று முத்துச்செல்வி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

2012ஆம் வருஷம் அவருக்குப் புறாக் கிறுக்குப் பிடித்தது. கேன்டீனில் யாரோ செல்போனில் ஒரு பந்தயப் புறாவின் படத்தைக் காட்டி, எங்கே கொண்டுபோய் விட்டாலும் வழி தப்பாமல் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்று சொன்னார்கள். தப்பே செய்யாத ஒரு ஜீவன் இருக்கிறது என்பது குவாலிட்டி பிரிவு ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்! அன்றிலிருந்து பழைய லேப்டாப்பில் டேட்டா கார்டைச் செருகிக்கொண்டு, புறா வளர்ப்பவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றிலேயே கிடந்தார். வீட்டுக்கார அம்மா தாயாரம்மாளிடம் மொட்டைமாடியில் கூண்டு வைக்க அனுமதியும் வாங்கிவிட்டார்.

அந்தக் குழுவில்தான் குன்றத்தூர் ராஜாமணி ஒரு புறாவை விற்பதாகப் போட்டிருந்தான். சாம்பல் நிறம், வலது இறக்கையில் ஒரே ஒரு வெள்ளை இறகு, பந்தயத்தில் ஜெயித்த ஆண் புறா. வனமாமலை உடனே போன் போட்டார்.

"இன்னைக்குத் தேதி தெரியுத மாதிரி பேப்பர வச்சி, பக்கத்துல புறாவ நிப்பாட்டி ஒரு போட்டோ அனுப்புங்க."

"பேப்பரா? அதுக்குப் படிக்கத் தெரியாது சார்."

"நெட்டுல எவன் படத்தையோ எடுத்துப் போட்டு விக்கானுவ. அதுக்குத்தான் கேக்கேன்."

"அட! இத்தினி வர்ஷமா புறா விக்கிறேன், ஒர்த்தர்கூட இப்டிக் கேட்டதில்ல. ஷோக்கான மூள சார் உங்களுக்கு."

போட்டோ வந்தது. வனமாமலை விடவில்லை. குன்றத்தூருக்கே போய் ராஜாமணியின் வீட்டைப் பார்த்தார், வாக்காளர் அட்டையைப் பார்த்தார், பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தார், புறாவின் கால் வளையத்தில் இருந்த எண்ணைக் குறித்துக்கொண்டார். ராஜாமணி எல்லாவற்றுக்கும் சிரித்த முகமாக ஈடுகொடுத்தான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு பாராட்டு வேறு. "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்த ஊர்ல டுபாக்கூர் வேலையே நடக்காது சார்" என்று அவன் சொன்னபோது வனமாமலைக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

இதற்கிடையில் தாம்பரத்திலிருந்து தளவாய் என்பவர் குழுவில் அவருக்குத் தன் போன் எண்ணோடு தனியாக எழுதியிருந்தார். பல காலமாகப் புறா வளர்ப்பவர். 'தம்பி, அது வளர்ந்த புறா. வாங்கினால் கூண்டிலேயே வைத்துக் குஞ்சு பொரிக்க விடுங்கள். திறந்து விட்டால் தங்காது. பறக்க விட்டுப் பார்க்க ஆசையென்றால் குஞ்சாக வாங்குங்கள்.'

வனமாமலை அதைப் படித்துவிட்டு மனைவியை அழைத்துக் காட்டினார். "எப்படிக் கலைக்கான் பாத்தியா? நாம வேண்டாம்னு விட்டா இவன் போயி வாங்கிருவான்."

"அவரு ஒண்ணும் கேக்காமலே நல்லதுதான சொல்லுதாரு?"

"கேக்காம எவன் நல்லது சொல்லுவான்? அதான் எனக்குச் சந்தேகம்."

தளவாய்க்கு அவர் பதிலே போடவில்லை.

புறா வந்து சேர்ந்தது. ஒரு மாதம் மூடி வைத்துவிட்டு அப்புறம் திறந்தால் வீட்டையே சுற்றிச் சுற்றி வரும் என்று ராஜாமணி சொல்லியிருந்தான். வனமாமலை வேளாவேளைக்குக் கம்பும் சோளமும் போட்டார், தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் கொடுத்தார். ஒருநாள் முத்துச்செல்வி விளையாட்டுக்குப் புறாவின் ஒரு விரல் நகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிவிட்டாள். அவர் சத்தம் போட்டார்.

"செக் பண்ணி எடுத்த சாமான்ல எதுக்குக் கைய வைக்கே?"

"ஏன், ரிஜெக்ட் பண்ணிருவியளோ?"

மாதம் முடிந்து, வார விடுமுறையன்று காலையில் கூண்டைத் திறந்தார். புறா கூண்டின் மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டிப் பார்த்தது. தாயாரம்மாளின் தென்னைமரத்துக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. பிறகு எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல வடகிழக்கே நேராகப் பறந்து, புள்ளியாகி, மறைந்தது.

வனமாமலை வானத்தைப் பார்த்தபடியே நின்றார். தாயாரம்மாள் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "இன்னா தம்பி, மாடியிலயே நின்னுகினு கீற? சோறு ஆறுதுன்னு உன் பொண்டாட்டி கூப்டுது பாரு."

அவர் இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் ராஜாமணிக்கு அவரே போன் செய்தார். புகார் சொல்வதற்காக இல்லை. அருமையான ஒரு புறாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளத் தவறிவிட்டோமே என்று மன்னிப்புக் கேட்பதற்காக! 

"அய்யய்யோ! வல்லூறு சார், கண்டிப்பா வல்லூறுதான் தூக்கிக்கினு போயிருக்கும்" என்றான் ராஜாமணி. "மனச உட்டுடாதீங்க. வேற ஒண்ணு வெச்சிருக்கேன், உங்களுக்குன்னா கொறச்சுத் தரேன்."

"நல்ல மனுசன்" என்று போனை வைத்துவிட்டுச் சொன்னார் வனமாமலை. அந்த இன்னொரு புறாவையும் வாங்கத்தான் இருந்தார். அதற்குள் முத்துச்செல்வி ஒரு மத்தியானம் லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"இங்க பாருங்க. செத்தது உசிரோட வந்துட்டு."

ராஜாமணி புதிதாக ஒரு புறாவை விற்பனைக்குப் போட்டிருந்தான். சாம்பல் நிறம். வளையம் தெரியாதபடி எடுத்த படம். வெள்ளை இறகும் அந்தப் பக்கம் மறைந்திருந்தது. ஆனால் ஒரு விரல் நகம் மட்டும் சிவப்பாக மின்னியது. புறாவுக்குப் பக்கத்தில் அன்றைய தேதியிட்ட செய்தித்தாள். 'நம்பிக்கைக்காக இன்றைய பேப்பருடன் போட்டோ' என்று கீழே எழுதியும் இருந்தது.

வனமாமலை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசியில், "பேப்பர் ஐடியா என்னோடது" என்றார்.

"அந்தப் பெருமைய அப்பறம் பாப்போம். சட்டைய மாட்டுங்க" என்றாள் முத்துச்செல்வி.

வீடு தெரியும் என்பதால் தேட வேண்டியிருக்கவில்லை. அவர்கள் இரவல் வாங்கிய பைக்கில் போய் இறங்கியபோது, புறா வாங்க வந்த பூந்தமல்லிக்காரர் ஒருவர் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். ராஜாமணி கையில் அந்தப் புறா. வனமாமலையைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி மாறியது, உடனே சமாளித்துக்கொண்டான்.

"வாங்க சார், வாங்க! உங்களுக்குத்தான் போன் பண்ணலாம்னு இருந்தேன்."

"இது என் புறா. வளையத்தக் காட்டு."

ராஜாமணி பெருமூச்சு விட்டான். "சார், நான் புறாவத்தான் வித்தேன். அது மனசையுமா விக்க முடியும்? பொறந்த வூடு இது, வந்துட்ச்சு. நீங்க போட்டோ கேட்டீங்க, குட்த்தேன். கார்டு கேட்டீங்க, காட்னேன். புறா திரும்பி வந்துடுமான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

வனமாமலைக்கு அவன் கேட்டது நியாயமாகவே பட்டதுதான் கொடுமை. முத்துச்செல்விதான் முன்னால் வந்தாள்.

"அவிய கேக்கல, சரி. புறா போயிட்டுன்னு அவிய அழாத குறையாப் பேசையில, வல்லூறு தூக்கிட்டுன்னு சொன்னது யாரு? அப்ப இது எங்க உக்காந்து தின்னுக்கிட்டு இருந்துது?"

பூந்தமல்லிக்காரர் ஓட்டை போடுவதை நிறுத்தினார். "அப்ப நான் இத்த வாங்கினு போனா, நாளிக்கு இங்கயே வந்துடுமா?"

 அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ராஜாமணியின் சிரிப்பு வடிந்துவிட்டது. குழுவில் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினான். பதிலுக்கு இரண்டு குஞ்சுகளைத் தருகிறேன் என்றான். அவை இன்னும் வெளியுலகத்தையே பார்க்கவில்லையாம்.

வனமாமலை முதன்முறையாக ஆளை விட்டுவிட்டுப் புறாவைச் சோதிக்க நினைத்தார். எப்படிச் சோதிப்பது என்றுதான் தெரியவில்லை. கூச்சத்தோடு தளவாயின் எண்ணைத் தேடி அழைத்தார்.

"அண்ணாச்சி, நான் வனமாமலை. அன்னைக்கு நீங்க சொன்னத நான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

"தெரியும்டே. பதிலே போடலியே. இப்ப என்ன?"

விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தளவாய் வரிசையாக விசாரித்தார். தலையில் மஞ்சள் பூமயிர் இன்னும் இருக்கிறதா, இருந்தது. தானாக இரை பொறுக்குகிறதா, பொறுக்கியது. பறந்திருக்கிறதா, அதற்கான இறகே இன்னும் முழுசாக முளைக்கவில்லை.

"அப்பம் தைரியமாக் கொண்டு போ. எந்த மாடியில முதல்ல பறந்து பழகுதோ, அதுதான் அதுக்கு வீடு."

குஞ்சுகளோடு திரும்பினார்கள். ஆனாலும் குழுவில் எழுதாமல் இருக்க வனமாமலையால் முடியவில்லை. இன்னொருவர் அட்டைப்பெட்டியோடு போய் நிற்கக்கூடாதே. அவர் எழுதிய எச்சரிக்கை ஆபீஸ் ரிப்போர்ட் மாதிரி நீண்டு நீண்டு போனது. முத்துச்செல்வி அதை அழித்துவிட்டு நாலே வரியில் எழுதினாள். வளர்ந்த பந்தயப் புறாவை வாங்கித் திறந்து விட்டால் அது விற்றவரிடமே போகும், அவர் அதை மறுபடியும் விற்பார், ராஜாமணியிடம் எங்களுக்கு அப்படித்தான் நடந்தது என்று. ராஜாமணியின் விளம்பரத்தை அன்றைக்கே நீக்கிவிட்டார்கள். இன்னும் மூன்று பேர், தங்கள் புறாவையும் வல்லூறுதான் தூக்கிக்கொண்டு போயிருந்தது என்று கீழே எழுதினார்கள்.

குஞ்சுகள் வளர்ந்தன. தளவாய் சொன்னபடி கூண்டை மாடியில் வெளிச்சமான இடத்தில் வைத்து, சுற்றுப்புறத்தைப் பார்க்க விட்டு, பசியோடு இருக்கும் நேரமாகப் பார்த்துத் திறந்தார்கள். இரண்டும் கைப்பிடிச் சுவரில் தத்தி நின்று, ஒன்றை ஒன்று பார்த்துவிட்டு, எழும்பின. வனமாமலை முத்துச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. அவர் காதில் விழவில்லை. பஸ் இன்னொரு முறை அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. புறாக்கள் ஏரிப் பக்கம் போய், வயலுக்கு மேலே வளைந்து திரும்பி, ஒன்றன் பின் ஒன்றாகத் தண்ணீர்த் தொட்டியின் மேல் வந்து இறங்கின.

அன்று ஷிப்டுக்கு அவர் ஷேர் ஆட்டோவில் போனார். தாமதத்துக்குக் காரணம் கேட்ட சூப்பர்வைசரிடம், தான் ஏமாந்ததையும் விடாமல், முழுக்கதையையும் சொன்னார்.